ஸ்பின்ஸ்டருக்குத் தமிழ்

எனக்கு ஒரு வியாதி உண்டு. ஓர் ஆங்கிலச் சொல்லைப் பார்த்தால் அதன் அப்பா யார், தாத்தா யார், எந்த ஊரிலிருந்து வந்து குடியேறினார்கள் என்று விசாரிக்காமல் என்னால் தாண்டிப் போக முடியாது. மாப்பிள்ளை வீட்டார்கூட இவ்வளவு குடைய மாட்டார்கள். இதற்கு மருந்து கிடையாது. என்னைச் சுற்றி இருப்பவர்கள்தான் தலைவலி மாத்திரை வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

வியாதியை வைத்துத்தான் பிழைப்பும் நடக்கிறது. அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் வெளிநாட்டுப் புத்தகங்களுக்குப் பிழை திருத்துகிறேன். ஆங்கிலத்தில் பிறந்து, ஆங்கிலத்தில் வளர்ந்து, ஆங்கிலத்திலேயே குறட்டை விடும் பேராசிரியர்கள் கமாவை எங்கே வைப்பது என்று தெரியாமல் திண்டாடுவார்கள். கொரட்டூரிலிருந்து ஷேர் ஆட்டோவில் ஒரு கால் வெளியே தொங்க வரும் நான் அதை எடுத்துச் சரியான இடத்தில் வைத்து அனுப்புவேன். புத்தகத்தின் முதல் பக்கத்தில் மனைவிக்கு நன்றி, பதிப்பாளருக்கு நன்றி, பூனைக்கு நன்றி என்று அச்சாகியிருக்கும். பூனைக்கு அடுத்த இடம் எனக்குக் கிடைக்கும் என்று பல வருஷங்களாகக் காத்திருக்கிறேன்.

அந்த வயிற்றெரிச்சலைத் தணித்துக்கொள்ளத்தான் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தினமும் காலையில் 'இன்றைய சொல்' போட ஆரம்பித்தேன். இன்று நாம் பாராட்டாகச் சொல்லும் 'நைஸ்' என்ற சொல்லுக்கு ஆதியில் 'விவரம் கெட்டவன்' என்று பொருள். அசடு என்று நாம் திட்டும் 'சில்லி' ஒரு காலத்தில் ஆசி பெற்றவனைக் குறித்தது. 'லேடி' என்றால் ரொட்டிக்கு மாவு பிசைகிறவள். 'லார்டு' என்றால் அந்த ரொட்டியைக் காவல் காக்கிறவன். பிசைவது ஒருத்தி, உட்கார்ந்து காவல் காப்பது ஒருத்தன் என்பது இங்கிலாந்திலும் அப்படித்தான் போலிருக்கிறது. வம்புப் பேச்சைக் குறிக்கும் 'காஸிப்' என்ற சொல் முதலில் ஞானஸ்நானத்துக்கு வந்து நிற்கும் ஞானத்தாயையும் ஞானத்தகப்பனையும் குறித்தது. பிள்ளை பெற்ற வீட்டில் அவர்கள் கூடி உட்கார்ந்து பேசிய பேச்சுக்கே பிறகு அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. இதை நான் போட்ட அன்று என் சொந்த ஞானத்தாய் குழுவை விட்டு வெளியேறினார். வெளியேறியவர் சும்மா இருக்கவில்லை. நான்கு வீட்டுக்குப் போய் என்னைப் பற்றிப் பேசி, சொல்லின் பொருள் சரிதான் என்று நிரூபித்துவிட்டுத்தான் ஓய்ந்தார்.

என் மனைவி மட்டும் தவறாமல் கட்டைவிரல் போடுவாள். படித்தாயா என்று ஒருநாள் கேட்டேன். "படிச்சா போட முடியாதுங்க" என்றாள்.

அக்கா குழுவில் இருந்தாளே தவிர ஒன்றும் போட மாட்டாள். என்னைவிட ஐந்து வயது மூத்தவள், அப்போது நாற்பத்தாறு. அவள் எங்களோடு இருந்தாள் என்றுதான் எல்லோரிடமும் சொல்வேன். சரியாகச் சொன்னால் நாங்கள்தான் அவளோடு இருந்தோம். ஏரிக்கரைப் பக்கம் இருக்கும் அந்த வீடு அவள் கட்டியது. அப்பா இறந்த வருஷம், பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு, எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் மெஷினில் உட்கார்ந்தாள். இப்போது அறுபது பெண்கள் வரிசையாகத் தைக்கும் ஒரு லைனுக்கு சூப்பர்வைசர். அவள் லைனில் தைத்த சட்டைகளும் வெளிநாட்டுக்குத்தான் போயின. ஆக, வெளிநாட்டுக்காரர்களின் மானத்தை ஒரே குடும்பத்தில் இரண்டு பேர் காப்பாற்றிக்கொண்டிருந்தோம். அவள் சம்பாத்தியத்தில்தான் எனக்குக் கமா வைக்கத் தெரிந்தது என்பதை நான் அலுவலகத்தில் சொல்லிக்கொண்டதில்லை.

அக்காவுக்கு ஏன் கல்யாணம் ஆகவில்லை என்று கேட்காத ஆள் கிடையாது. எங்கள் வீட்டில் ஒரே பதில்தான் தயாராக இருக்கும்: அவளுக்கு இஷ்டமில்லை. நானே நூறு பேருக்காவது இதைச் சொல்லியிருப்பேன். சொல்லிச் சொல்லி, நானும் அதை நம்பிவிட்டேன்.

போன வருஷம் ஒருநாள் அக்கா, "ஞாயித்துக்கெயம ஒருத்தரு வராரு. டீ போட்டு வைங்க" என்றாள். வந்தவர் அவள் லைனில் தைக்கும் ஒரு பெண்ணின் அண்ணன். ஆவடியில் தொழிற்சாலையில் வெல்டர். மனைவி இறந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது, பிள்ளைகள் இல்லை. டீயைக் குடித்துவிட்டு, டம்ளரை அவரே எடுத்துப் போய்க் கழுவி வைத்தார். இந்தக் குற்றத்துக்காக என் மனைவி அன்று முழுவதும் என்னை முறைத்தாள்.

கல்யாணம் என்று முடிவானதும் தெருவுக்கு ஒரு வேலை கிடைத்தது. இருபத்தாறில் ஏன் ஆகவில்லை என்று கேட்டவர்களே நாற்பத்தாறில் ஏன் ஆகிறது என்று கேட்டார்கள். அக்கா அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கரையான்சாவடிக்குப் போய் ரவிக்கைத் துணி எடுத்து வந்தாள். ஒரு மாலை, தனக்கென்று ஒரு ரவிக்கை வெட்டியபோது பாட்டு முணுமுணுத்தாள். அவள் பாடி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

எங்கள் பங்குக் கோயிலில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை, பூசையின் முடிவில், ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் நடக்க இருக்கிறது என்று எல்லோருக்கும் அறிவிப்பது. அதற்கு ஒரு படிவம் பூர்த்தி செய்து கொடுக்க வேண்டும். படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. வெள்ளைக்காரன் கிளம்பிப் போன விஷயத்தை அந்தப் படிவத்துக்கு இன்னும் யாரும் தெரிவிக்கவில்லை. பெயர், வயது, தகப்பன் பெயர் எல்லாம் கேட்டுவிட்டு, 'கண்டிஷன்' என்று ஒரு கட்டம் இருந்தது.

"கண்டிஷனா? இன்னாடா இது, செகண்ட் ஹேண்ட் வண்டியா நானு?" என்றாள் அக்கா.

மணமாகாத ஆணுக்கு பேச்சிலர், மணமாகாத பெண்ணுக்கு ஸ்பின்ஸ்டர், மனைவியை இழந்தவருக்கு விடோயர் என்று பொடி எழுத்தில் கீழே விளக்கம் போட்டிருந்தது. எனக்கு வாயெல்லாம் பல். ஸ்பின்ஸ்டர்! அகராதியில் மட்டுமே பார்த்த சொல்லை, நிஜமான ஒரு படிவத்தில், நிஜமான ஒரு ஆளுக்கு, என் கையால் எழுதப் போகிறேன். நாற்பது தாண்டிய மனிதனுக்கு மிச்சமிருக்கும் சந்தோஷங்கள் இந்த வகைதான். சுழித்துச் சுழித்து அழகாக எழுதிக் கொடுத்தேன்.

சனிக்கிழமை நான் அலுவலகத்தில் இருந்தபோது உபதேசியார் போன் செய்தார். எங்கள் கோயிலில் மணி அடிப்பது, மைக் வைப்பது, பிள்ளைகளுக்கு மந்திரம் சொல்லிக் கொடுப்பது, ஓலை எழுதி வாசிப்பது எல்லாம் அவர்தான்.

"சார், ஒரு டவுட்டு. அக்கா பாரத்துல ஸ்பின்ஸ்டர்னு எழுதிக்கிறீங்களே, அத்த தமிழ்ல எப்டி சார் எழுதறது? வாஷிங் மிஷின்ல ஸ்பின்னுன்னு ஒண்ணு கீதே, அதுவா?"

வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு மனிதர் தானாக முன்வந்து என்னிடம் ஒரு சொல்லின் பொருளைக் கேட்கிறார். இதைப் போனில் நாலு வார்த்தையில் முடிப்பதா? "இருங்க, விவரமா அனுப்புறேன்" என்று சொல்லிவிட்டு, கேன்டீன் மூலையில் உட்கார்ந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன். ஏழு நிமிஷம்.

அதில் இல்லாதது இல்லை. ஸ்பின் என்றால் நூல் நூற்பது. 'ஸ்டர்' என்பது முன்பு பெண்பால் விகுதி. நெய்கிறவள் வெப்ஸ்டர், பீர் காய்ச்சுகிறவள் ப்ரூஸ்டர், நூற்கிறவள் ஸ்பின்ஸ்டர். ஆண்கள் இந்தத் தொழில்களுக்குள் நுழைந்ததும் விகுதியையும் சேர்த்து எடுத்துக்கொண்டார்கள். நூற்பது மட்டும் பெண்களிடமே தங்கிவிட்டது. கட்டிக்கொள்ள ஆள் இல்லாத பெண்கள் நூல் நூற்றுத் தங்கள் கையால் பிழைத்தார்கள். அதனால் பத்திரங்களில் மணமாகாத பெண்ணின் பெயருக்குப் பக்கத்தில் இந்தச் சொல்லைப் போட ஆரம்பித்தார்கள். பிறகு நாளாவட்டத்தில் சொல்லின் மதிப்பு இறங்கிப்போய்... இங்கே ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தேன், அந்தச் சத்தமும் பதிவாகியிருக்கிறது... "தமிழ்ல முதிர்கன்னின்னு சொல்றாங்களே, அந்த மாதிரி ஆயிடுச்சு" என்று முடித்தேன். உபதேசியார் கும்பிடும் கை ஒன்று அனுப்பினார். எனக்குப் பரம திருப்தி. மத்தியானம் இரண்டு வடை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமைப் பூசை. வருஷம் பூராவும் கரகரவென்று இழுக்கும் மைக் அன்று அட்சரம் பிசகாமல் பேசியது. உபதேசியார் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஆவடியைச் சேர்ந்தவரும் மனைவியை இழந்தவருமான இன்னாருக்கும், நம் பங்கைச் சேர்ந்தவரும் காலஞ்சென்ற இன்னாரின் மகளும் முதிர்கன்னியுமான இன்னாருக்கும் என்று, நிறுத்தி, நிதானமாக, வாசித்தார்.

என்னைப் பற்றி ஓர் உண்மையை இங்கே சொல்லிவிட வேண்டும். அந்த வினாடியில் எனக்கு முதலில் தோன்றியது, 'ஸ்பின்ஸ்டருக்கு முதிர்கன்னி என்பது முழுக்கச் சரியான மொழிபெயர்ப்பு ஆகாதே' என்பதுதான். பாடகர் குழுப் பக்கமிருந்து ஒரு சிரிப்பு கிளம்பி, பெஞ்சு பெஞ்சாகப் பின்னால் போன பிறகுதான் அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, கைப்பையை எடுத்துக்கொண்டு, பக்கவாட்டுக் கதவு வழியாகப் போய்க்கொண்டிருந்தாள்.

வீட்டுக்குப் போனபோது அவள் அறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளேயிருந்தே சொன்னாள்.

"அவருக்கு போன் பண்ணி வேணாம்னு சொல்லிடு. அடுத்த வாரம் ஓலையும் வேணாம், ஒண்ணும் வேணாம். நான் அந்தக் கோயிலுக்குள்ள கால வைக்க மாட்டேன்."

அக்கா ஒன்றை வேண்டாம் என்று சொன்னால் வேண்டாம்தான். நாற்பத்தாறு வயதில் கிடைத்த கல்யாணம் ஒரு சொல்லில் நின்றுவிடும் போலிருந்தது. இந்த நிலைமையில் அறிவுள்ள எவனும் என்ன செய்வான் என்று எனக்குத் தெரியாது. நான் கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஸ்பின்ஸ்டர் என்ற சொல்லின் உண்மையான, கௌரவமான, ஆதிப் பொருளை விளக்க ஆரம்பித்தேன். வெப்ஸ்டர் வந்தாள், ப்ரூஸ்டர் வந்தாள். அக்கா மட்டும் வரவில்லை. கால் மணி நேரம் கழித்து என் மனைவி வந்து, நான் எழுந்திருக்கும்வரை காத்திருந்து, நாற்காலியை எடுத்துக்கொண்டு போனாள்.

திங்கள் மாலை உபதேசியாரோடு சண்டை போடப் போனேன். தப்பு முழுக்க அவருடையது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஏழு நிமிஷம் பேசியதில் ஆறே முக்கால் நிமிஷத்தை விட்டுவிட்டுக் கடைசி வார்த்தையை மட்டும் பிடித்துக்கொண்டால் யார் என்ன செய்ய முடியும்? அவர் கோபப்படவில்லை. போனை எடுத்து என் குரலை எனக்கே போட்டுக் காட்டினார், வேகத்தைக் கூட்டி. என் புலமை கார்ட்டூன் எலி பேசுவது மாதிரி கேட்டது.

"நீங்க சொன்னத தான் சார் எழுதிகினேன். முன்னாடி சொன்னது ஒண்ணும் நமக்குப் பிரியல. கடசியா சொன்னது மட்டும் தமிழ்ல இருந்துச்சு."

பிறகு மேஜை இழுப்பறையிலிருந்து ஓலைக் காகிதத்தை எடுத்து நீட்டினார். அக்கா பெயருக்கு முன்னால் பென்சிலில் ஏதோ எழுதி அழித்த தடம் இருந்தது. உற்றுப் பார்த்தேன். 'செல்வி'.

"எப்பவும் செல்வின்னு தான் சார் போடறது. இதுக்கும் அத்தான் எழுதி வெச்சிருந்தேன். அப்பால, சார் பெரிய படிப்பு படிச்சவராச்சே, இத்தினி அழகா இன்னாவோ எழுதிக்கிறாரே, எதுக்கும் ஒரு வார்த்த கேட்டுகினு எழுதலாம்னு..."

ஊரில் அச்சாகும் ஒவ்வொரு கல்யாணப் பத்திரிகையிலும் இருக்கும் சொல். ரேஷன் கடை க்யூவில் நிற்கும் யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள். ஆயிரம் வருஷத்து ஆங்கிலத்தைக் குடைந்துகொண்டிருந்த எனக்கு அது தோன்றவே இல்லை. சண்டை போட வந்தவன் அவருக்கு வணக்கம் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தேன்.

புதன்கிழமை மாப்பிள்ளையிடமிருந்து போன் வந்தது. மூன்று நாளாக அக்கா போனை எடுக்கவில்லை என்றார். நேரில் வருகிறேன் என்று சொல்லி, வேலை முடிந்ததும் ரயிலேறி ஆவடிக்குப் போனேன். குவார்ட்டர்ஸ் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். நடந்ததைச் சொன்னேன். பழக்க தோஷத்தில் விடோயர் என்ற சொல்லைப் பற்றியும் கொஞ்சம் சொன்னேன். ஆண்பாலிலிருந்து பெண்பால் பிறப்பதுதான் வழக்கம், இது போல ஒன்றிரண்டில் மட்டும் பெண்பாலிலிருந்து ஆண்பால் பிறந்திருக்கிறது என்று. அவர் பொறுமையாகக் கேட்டார். ஒரு கைதேர்ந்த வெல்டருக்கு நெருப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பழக்கம் இருக்கும்.

"எங்க கோயில்லயும் அன்னிக்கே ஓல படிச்சாங்கோ மச்சான். செல்வின்னு தான் படிச்சாங்கோ. எங்க சைடுல உங்க அளவுக்குப் படிச்சவங்க யாரும் இல்லியோ இன்னாவோ" என்றார். கிண்டல் இல்லாமல், நிஜமாகவே அப்படி நினைத்துத்தான் சொன்னார். அது கிண்டலைவிட மோசமாக இருந்தது.

அவரும் ஒரு நாற்காலியை இழுத்து என் எதிரில் போட்டுக்கொண்டார். "எனக்கு மனைவியை இழந்தவர்னு படிக்கிறாங்கோ. ஒரு மரியாத கீது அதுல. அவங்க இத்தினி வருஷம் ஒரு ஊட்டையே தூக்கி நிறுத்தினாங்கோ. அவங்களுக்கு இந்தப் பேரா மச்சான்?"

நான் வாயைத் திறந்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அர்த்தம் சொல்லாதீங்க. போய் மன்னிப்பு கேளுங்க."

வெள்ளிக்கிழமை மாலை அக்கா சமையலறையில் தரையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் எதிரில் போய் உட்கார்ந்தேன். மன்னிப்பைக் குறிக்கும் 'அப்பாலஜி' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ஆதியில் மன்னிப்பு என்ற பொருளே கிடையாது. தன் கட்சி நியாயத்தை எடுத்துப் பேசுவது என்றுதான் பொருள். நான் பழைய பொருளில்தான் மன்னிப்புக் கேட்டேன். உபதேசியார் முழுசாகக் கேட்கவில்லை என்றேன். படிவமே தப்பு என்றேன். அந்தச் சொல் உண்மையில் தன் உழைப்பில் தானே நின்றவளைக் குறிக்கிறது, உன்னைத்தான் அக்கா குறிக்கிறது, அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்றேன். கடைசிப் பகுதியைச் சொல்லும்போது எனக்கே குரல் தழுதழுத்தது. என் பேச்சு எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

அக்கா கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஊரு சொல்லும்டா அத்த. கம்பெனில குட்டிங்க முதுகுக்குப் பின்னால சொல்லும். அது எனக்குப் பழகிப்போச்சு. உபதேசியாரு போன் பண்ணி எல்லாம் சொன்னாரு. அவரு செல்வின்னு எழுதி வெச்சிருந்தாரு. அத்த அழிச்சிட்டு இத்த எழுத வெச்சது யாரு? ஊட்டுக்குள்ளயும் எனக்கு அதான் பேருன்னு கோயில்ல மைக்ல கேட்டு தான் நான் தெரிஞ்சிகினேன்."

"அப்படி இல்லக்கா..."

"இரு. எனக்கு இருவத்தாறு வயசுல திருமுல்லைவாயல்லேர்ந்து ஒருத்தரு வந்து பாத்துட்டுப் போனாரு, ஞாபகம் கீதா? அவங்க ஊட்லயும் சரின்னுட்டாங்க. அப்போ அம்மா இருந்தாங்க. அன்னிக்கு நாம மூணு பேரும் சோறு துன்னுகினு இருந்தோம். நீ தட்டுல கைய வெச்சிகினு, 'அப்போ என் எம்.ஏ.?'ன்னு கேட்ட. அவ்ளோதான் கேட்ட. அம்மா என்னப் பாத்தாங்க. நான் இஷ்டமில்லன்னேன்."

கீரைத் தண்டை ஒடித்து ஓரமாகப் போட்டாள்.

"அதுலேர்ந்து ஊர்ல யாரு கேட்டாலும், அக்காவுக்கு இஷ்டமில்ல, அக்காவுக்கு இஷ்டமில்லன்னு சொல்லிகினே கீற. நைஸு எங்கேர்ந்து வந்துச்சு, லேடி எங்கேர்ந்து வந்துச்சுன்னு தெனம் தேடிப் போடறியே. அந்த 'இஷ்டமில்ல' எங்கேர்ந்து வந்துச்சுன்னு என்னிக்காச்சும் தேடிப் பாத்தியாடா?"

எனக்கு ஞாபகம் வந்தது. தட்டில் இருந்தது வஞ்சிரம் குழம்பு என்பதுகூட ஞாபகம் வந்தது. நான் கேட்ட கேள்வியும், அம்மா அவளைப் பார்த்ததும், அவள் பதில் சொன்னபோது எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாக இருந்ததும், அந்த நிம்மதியில் நான் மறுசோறு கேட்டதும் ஞாபகம் வந்தது. இருபது வருஷமாக அதை எங்கே வைத்திருந்தேன் என்று தெரியவில்லை. அழுகை வந்தது. சொல்வதற்கு ஒரு சொல்லும் இல்லை. ஆங்கிலத்திலும் இல்லை, தமிழிலும் இல்லை.

"மன்னிச்சிடுக்கா" என்றேன். அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை. அதுவே எங்கள் வீட்டில் ஒரு சாதனை.

அவள் கீரையை முறத்தில் அள்ளிக்கொண்டு எழுந்தாள். குழாயைத் திறந்து இரண்டு தடவை அலசினாள். பிறகு திரும்பாமலே சொன்னாள்.

"நாளன்னிக்கு ஓலைய நீ படி. உபதேசியாரு இல்ல, நீ. எல்லாரு முன்னாடியும் நீ படிச்சா நான் வரேன். இல்லன்னா கல்யாணம் இல்ல."

உபதேசியார் மறுப்புச் சொல்லவில்லை. பங்குச் சாமியாரிடம் அவரே கேட்டு ஒப்புதல் வாங்கிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் காகிதத்தை என் கையில் கொடுத்து, மைக்கை என் உயரத்துக்குத் தாழ்த்தினார். நான் கூட்டத்தில் பேசிப் பழகாதவன். வாட்ஸ்அப்பில் எட்டுத் திசையும் முழங்குகிறவன் கோயிலில் முதல் வரியை விரல் வைத்துத் தேட வேண்டியிருந்தது. பாடகர் குழு தயாராக இருந்தது, போன வாரத்து விருந்துக்கு மறுசோறு கேட்பவர்களைப் போல. நான்காவது பெஞ்சில், என் மனைவிக்குப் பக்கத்தில் அக்கா இருந்தாள். தானே தைத்த புது ரவிக்கை போட்டிருந்தாள்.

ஆவடியைச் சேர்ந்த இன்னாருக்கும் என்று ஆரம்பித்தேன். நம் பங்கைச் சேர்ந்த, காலஞ்சென்ற இன்னாரின் மகள், செல்வி என்று வாசித்து, அவள் பெயரைச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. செல்விக்கு நான் பொருள் சொல்லவில்லை.

அத்தோடு முடிந்தது என்று காகிதத்தை மடிக்கப் போனபோது, கீழே இன்னொரு வரி இருந்தது. எல்லா ஓலையிலும் கடைசியில் வரும் வரி. எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை, வண்டிச் சாவியைத் தேடிக்கொண்டே காதில் வாங்கியது. அதையும் வாசித்தேன்.

"இவர்களுடைய திருமணத்துக்கு ஏதேனும் தடை இருப்பதாக அறிந்தவர்கள், அதை எழுந்து அறிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்."

அந்த வரிக்குப் பிறகு உபதேசியார் எப்போதும் ஒரு மூச்சு விடும் நேரம் நிறுத்துவார். நானும் நிறுத்தினேன். அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோயிலில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். நான் ஒருவன்தான் நின்றுகொண்டிருந்தேன்.